கன்னிமாராவுக்கு ஒரு முத்திரை

வடிவமைப்புப் படிப்பின் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எழும்பூர் கன்னிமாரா பொது நூலகத்தை எடுத்துக்கொண்டேன். நூலகம் கேட்டுச் செய்த வேலையல்ல, பயிற்சிதான். லோகோ, உறுப்பினர் அட்டை, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும்.

கன்னிமாரா என்றாலே எல்லோரும் வரைவது ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896இல் திறக்கப்பட்ட பழைய மண்டபத்தை. வண்ணக் கண்ணாடியும் தேக்கு அலமாரிகளும் அவ்வளவு அழகு. ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் புதிய கட்டடத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். அவர்களுக்கும் சேர்த்து ஒரு சின்னம் வேண்டுமே!

கன்னிமாரா, நாட்டின் நான்கு களஞ்சிய நூலகங்களில் ஒன்று. இந்தியாவில் எந்தப் புத்தகம் வந்தாலும் 30 நாளுக்குள் ஒரு பிரதியைப் பதிப்பாளர் இங்கே அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். வந்த புத்தகத்தை நூலகத்துக்குச் சொந்தமாக்குவது ரப்பர் ஸ்டாம்ப். அதிலிருந்தே தொடங்கினேன்.

அங்கேதான் தமிழ் எழுத்து பாடம் எடுத்தது. மை கொஞ்சம் கசிந்தாலும் 'ன'வின் சுழிகள் அடைந்துவிடும். சின்ன அளவில் புள்ளி காணாமல் போகும். 'நூ'வின் வால் கீழ்வரியில் போய் இடிக்கும். கணினி எழுத்துருக்கள் எதுவும் எனக்குச் சரிப்படவில்லை, கையால் வரைந்தேன். சுழிகளை அகலமாகத் திறந்தேன். கோட்டின் தடிமனை ஒரே சீராக்கினேன். புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்தை விட்டுச் சற்று மேலே தூக்கி வைத்தேன். பிறகு ஸ்டாம்ப் செய்து, மட்டமான தாளில் குத்திக் குத்திப் பார்த்துத் திருத்தினேன். திரையில் பார்த்து முடிவு செய்யவே கூடாது.

பாரம்பரியம் என்றதும் பழுப்பு நிறத்துக்குப் போகும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஸ்டாம்ப் பேடின் ஊதாவையே முதன்மை நிறமாக்கினேன். ஜெராக்ஸ் எடுத்தாலும் அடையாளம் கெடாது.

மதிப்பீட்டில் "கட்டடம் எங்கே?" என்று கேட்டார்கள். கட்டடம் எழும்பூரில் இருக்கிறது, முத்திரை புத்தகத்தோடு வாசகர் வீட்டுக்குப் போகிறது என்றேன். ஒருவர் மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலப் பெயர் தமிழோடு ஒட்டாமல் நிற்கிறது என்று அவர் சொன்னது சரிதான். ஆங்கில எழுத்தின் உயரத்தைக் குறைத்து அதைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.