பிரேம் இல்லாமல் எல்லாப் பக்கத்திலும் ஒரே மெனு

ராமேஸ்வரத்தில் சித்தப்பா நடத்தும் லாட்ஜுக்கு ஒரு பழைய வெப்சைட் உண்டு. ஒரு வெளிப்பக்கம் திரையை இரண்டு பிரேமாக, அதாவது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பக்கத்தைக் காட்டும். இடப்பக்க பிரேமில் மெனு, வலப்பக்க பிரேமில் மற்றதெல்லாம். "கூகுள்ல தேடி தனுஷ்கோடி பக்கத்துக்கு நேரா வந்துடுறாங்கப்பா. ரூம் வாடகை எங்க போட்டிருக்குன்னு எனக்குப் போன் போடுறாங்க" என்றார். போன் வராமல் என்ன செய்யும்? மெனு இருப்பது வெளிப்பக்கத்தில். கூகுள் கொண்டுவந்து விடுவதோ உள்பக்கத்தில். வெப்பக்கங்களை எழுதும் மொழியின் புதிய வடிவமான ஹெச்டிஎம்எல் 5 பிரேமைக் கைவிட்டும் வெகுகாலம் ஆகிறது.

பிரேமை எடுத்துவிட்டு மெனுவை ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டலாம்தான். ஆனால் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தது மாதிரி ஏதாவது வந்தால், மெனுவில் ஒரு வரி சேர்க்க அத்தனை ஃபைலையும் திறக்க வேண்டும். பக்கம் திறந்த பிறகு பிரவுசரே மெனுவைக் கொண்டுவரும் ஜாவாஸ்கிரிப்ட் வழியும் எனக்குப் பிடிக்கவில்லை. சிக்னல் திணறும் இடத்தில் பக்கம் முதலில் வந்து, மெனு பின்னால் வந்து எல்லாவற்றையும் கீழே தள்ளும்.

கடைசியில் நான் எடுத்தது சர்வர் சைடு இன்குளூட், அதாவது ஒரு ஃபைலை இன்னொன்றுக்குள் சர்வரே செருகும் வழி. சர்வரில் இதைச் செய்யத் தெரிந்த அப்பாச்சி என்ற சாஃப்ட்வேர் இருந்ததால் வசதியாகப் போயிற்று. மெனுவைத் தனி ஃபைலில் வைத்தேன். அதில் முழுப் பக்கத்துக்கு உரிய ஹெட், பாடி டேக் எதுவும் கூடாது, லிங்க் பட்டியல் மட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் அது வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு இன்குளூட் வரி. பக்கத்தை அனுப்பும் முன் சர்வரே மெனுவைச் செருகிவிடும். பார்ப்பவருக்கு முழுப் பக்கமாகவே போகும்.

கவனம் வேண்டிய இடம் பாதைதான். இன்குளூட் வரியில் 'ஃபைல்' என்று கொடுத்தால் மேல் ஃபோல்டருக்குப் போகாது. 'விர்ச்சுவல்' கொடுத்து ஸ்லாஷில் தொடங்க வேண்டும். மெனுவுக்குள் இருக்கும் லிங்குகளும் ஸ்லாஷில்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முகப்பில் ஒழுங்காக இருப்பது, சுற்றுலா ஃபோல்டருக்குள் இருக்கும் தேவிபட்டினம் பக்கத்தில் உடைந்துவிடும்.

சர்வரில் ஓடும் பிஹெச்பி மொழியிலும் இதே வேலை நடக்கும். ஆனால் வழக்கமான முறையில் ஃபைல் பெயர்களை மாற்ற வேண்டிவரும், கூகுளுக்குத் தெரிந்த முகவரிகளும் மாறிவிடும். அதனால் ஹெச்டிஎம்எல் ஃபைல்களிலேயே இன்குளூட் ஓடும்படி அப்பாச்சியின் அமைப்பு ஃபைலான ஹெச்டிஆக்சஸில் எழுதிவிட்டேன்.

மெனுவை இடப்பக்கம் நிறுத்த, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் உள்ள கிரிட் போதும். போனில் அதுவே மேலே ஏறிக்கொள்ளும்படி திரை அகலத்தைப் பார்த்து மாற்றும் ஒரு மீடியா குவெரி. அப்புறம், ஃபைலை டபுள் கிளிக் செய்து பார்த்தால் மெனு வராது. கம்ப்யூட்டரிலும் அப்பாச்சி ஓட வேண்டும். அப்பாச்சியோடு வரும் எக்ஸ்ஏஎம்பிபி (XAMPP) தொகுப்பைப் போட்டு, அதிலும் இன்குளூடை அனுமதித்தால் சரி.