குழித்தறியும் மயிலைக் காளையும்: சட்டகத்தை மாற்றிச் செய்து பார்த்தவை

ஒரே இடத்தை, ஒரே ஆளை, ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில், நிற்கும் இடத்தையும் சட்டகத்தின் ஓரங்களையும் மட்டும் மாற்றி மாற்றி எடுத்து, பின்னர் அந்தப் படங்களைக் கணினியில் அருகருகே வைத்து ஒப்பிடுவதுதான் சில மாதங்களாக நான் செய்துவரும் பயிற்சி. இதற்காக எடுத்துக்கொண்டவை இரண்டு: பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஒரு குழித்தறி, காங்கயத்துக்குத் தெற்கே ஒரு கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) மேயும் மாடுகள். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார் உள்ள) கேமரா, ஒரு 35 மி.மீ. லென்ஸ், ஒரு பழைய ஜூம் லென்ஸ். திருத்தம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் மென்பொருளில்.

குழித்தறியில் நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். எனவே அறைக்குள் நின்றபடி எடுத்தால் கேமரா அவருடைய உச்சந்தலையைத்தான் பார்க்கும். முகம் சுருங்கித் தோள் பெரிதாகி, வேலையில் தேர்ந்த ஒருவர் பள்ளத்தில் அகப்பட்டவர்போலத் தெரிவார். அதே இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேமராவை அவருடைய கண் மட்டத்துக்கு இறக்கியதும் படத்தின் பொருளே மாறியது. பாவு நூல்கள், அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்கள், என் முழங்காலுக்குப் பக்கத்தில் தொடங்கி, மெல்லிய கோடுகளாக ஒன்றையொன்று நெருங்கிச் சென்று, குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவைத் தள்ளும் கையில் போய் முடிந்தன. பார்ப்பவரின் கண்ணை நாம் சேர்க்க விரும்பும் இடத்துக்கு இழுத்துச் செல்லும் கோடுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். தறிக்கு எதிரே உட்கார்ந்தால் அந்தக் கோடுகள் தாமாகவே வந்து அமைகின்றன.

முகத்தையே நான் குறிவைப்பதைக் கவனித்த அந்தப் பெரியவர், "எம்மூஞ்சி கெடக்குதுங்க தம்பி, பட்டை நேரா விழுந்திருக்குதான்னு பாருங்க" என்றார். அவர் சொன்னது தறிக்காரரின் கணக்கு என்றாலும், படத்துக்கும் அது நல்ல யோசனைதான். சட்டகத்தின் பெரும்பகுதியை நெய்து முடிந்த துணிக்கு விட்டு, மேல் ஓரத்தில் இரண்டு கைகளும் தாடையும் மட்டும் வரும்படி எடுத்தேன். சிவப்பும் பச்சையும் நீலமுமாக அடுத்தடுத்து வரும் பட்டைகள், அவற்றின் மேல் பருத்தித் தூசு படிந்த விரல்கள்: முகம் உள்ள படத்தைக் காட்டிலும் இதுவே நெசவைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து. வீட்டில் அனைவருக்கும் முகம் உள்ள படம்தான் பிடித்திருக்கிறது.

அடுத்து ஓரங்கள். தறிக்குப் பின்னால் ஒரு நாள்காட்டியும் நீலப் பிளாஸ்டிக் குடமும் இருந்தன. குடத்தை நகர்த்தச் சொல்லலாம், படத்தை வெட்டலாம், மென்பொருளில் குடத்தையே அழித்துவிடலாம். 1936இல் அமெரிக்க ஒளிப்படக்காரர் டோரத்தியா லாங்கே எடுத்த புகழ்பெற்ற புலம்பெயர்ந்த தாயின் படத்தில், கீழ் ஓரத்தில் தெரிந்த ஒரு கட்டைவிரல் பின்னாளில் நெகட்டிவிலேயே மங்கச் செய்யப்பட்டது. ஆகவே இந்த ஆசை கணினியோடு வந்ததன்று. நான் வெட்டுவதை மட்டும் அனுமதித்துக்கொள்கிறேன். 6000க்கு 4000 பிக்சல் உள்ள கிடைமட்டப் படத்திலிருந்து 4:5 விகிதத்தில் ஒரு நெடும்படத்தை வெட்டினால் 3200க்கு 4000 மிஞ்சும். எட்டுக்குப் பத்து அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2400க்கு 3000 போதுமானது. எனவே குடம் போயிற்று. ஆனால் அதோடு அறையின் அகலமும் போய், பெரியவர் ஒரு தூணுக்குள் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிட்டதால், அகலமான படத்தையே வைத்துக்கொண்டு வேறு வழி பார்த்தேன்.

அந்த வேறு வழி இருட்டு. ஓட்டுக்கூரையில் பதித்த ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக விழும் வெளிச்சம்தான் அந்த அறையின் முக்கியமான விளக்கு. அது தறியின் மேல் ஒரு பாயளவு இடத்தில் விழுகிறது. மற்ற இடமெல்லாம் மங்கல். கைகள் வெளிறிப் போகாதபடி வெளிச்சத்தைக் கணக்கிட்டு ரா கோப்பாக, அதாவது கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பாக, எடுத்தேன். எட்டு பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள். 14 பிட் ராவில் 16384. இருட்டுக்குள் ஒளிந்திருப்பதைப் பின்னால் தூக்கியெடுக்க இந்த வேறுபாடு உதவுகிறது. நிழல்களை முழுவதும் தூக்கிய பிரதியில் நாள்காட்டியின் தேதிகளைக்கூடப் படிக்க முடிந்தது. கண் கைகளை விட்டுவிட்டு நேரே அங்கே போனது. எழுத்து எங்கே தெரிந்தாலும் கண் அதைப் படிக்கப் போய்விடுகிறது. இரண்டாவது பிரதியில் நிழல்களை அப்படியே விட்டு, குடமும் நாள்காட்டியும் உள்ள மூலைகளுக்கு மட்டும் ஒரு மாஸ்க் (திருத்தம் படும் இடத்தைக் குறிக்கும் மறைப்பு) இட்டு முக்கால் ஸ்டாப் அளவுக்கு இருட்டாக்கினேன்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. எதையும் அழிக்கவில்லை, எதையும் வெட்டவில்லை. குடம் அங்கேயே இருக்கிறது, யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இருட்டறையில் அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் செய்ததும் இதே வேலைதான். 1941இல் நியூ மெக்சிகோவின் எர்னாந்தெஸ் என்ற சிற்றூரில் அவர் எடுத்த நிலவெழும் படத்தின் தொடக்ககாலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறத்தில் மேகத்தோடு தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் அதே நெகட்டிவின் வானம் ஏறத்தாழக் கறுப்பாகி, நிலவும் கல்லறைச் சிலுவைகளும் மட்டும் முன்னே வரும். நின்ற இடமும் சட்டகமும் மாறாமல் அழுத்தம் மட்டும் வேறிடத்துக்குப் போகிறது. திருத்தம் என்பதை அழகூட்டலாக எண்ணாமல், சட்டகம் போடுவதன் தொடர்ச்சியாக எண்ணத் தொடங்கியது இதன் பிறகுதான்.

கறுப்பு வெள்ளையும் செய்து பார்த்தேன். பட்டைகள் நிறைந்த படத்தை அப்படியே நிறம் நீக்கியபோது சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகி, ஜமக்காளம் ஒரு சாதாரணப் போர்வையாகிவிட்டது. இரண்டு நிறங்களின் ஒளிர்வும் கிட்டத்தட்டச் சமமாக இருந்ததே காரணம். நிறக்கலவையில் சிவப்பைக் கூட்டிப் பச்சையைக் குறைத்ததும் பட்டைகள் திரும்ப வந்தன; ஆனால் எது வெளிர், எது அடர்த்தி என்பதை இப்போது நெசவாளி முடிவு செய்யவில்லை, நான் முடிவு செய்கிறேன். அந்தப் படத்தை வண்ணத்திலேயே விட்டுவிட்டேன். நிறமே பொருளாக இருக்கும் இடத்தில் கறுப்பு வெள்ளைக்கு வேலை இல்லை.

கொறங்காட்டில் சிக்கல் வேறு. கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் பின்னணியில் இருக்க, நின்று எடுத்தால் காளையின் முதுகுக்கோடு வேலியோடு கலந்துவிடுகிறது. மண்டியிட்டு, கேமராவைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு இறக்கினால் வேலி கீழே போய்த் திமில் வானத்தில் தனியே நிற்கிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேகங்களை விரட்டிக்கொண்டே இருப்பதால், நிழல் விலகும் நேரத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டும். படத்தை மூன்று பங்காக எண்ணிப் பிரிக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியை 1797இல் எழுத்தில் வைத்த ஜான் தாமஸ் ஸ்மித் பேசியது நிலக்காட்சி ஓவியத்தில் வானத்துக்கும் நிலத்துக்கும் தர வேண்டிய பங்கைப் பற்றி. கொறங்காட்டில் அது பொருந்துகிறது. வானத்துக்கு இரண்டு பங்கு தந்தபோதுதான் மேய்ச்சல் நிலத்தின் வெட்டவெளி படத்துக்குள் வந்தது. வெள்ளை மாடுகளுக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. கேமராவின் ஒளிமானி எதையும் நடுச்சாம்பல் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடுவதால், சட்டகத்தை நிறைத்து நிற்கும் வெண்ணிறப் பசு அழுக்குத் துணிபோல் பதிவாகிறது. ஒரு ஸ்டாப் கூட்டியதும் சரியாயிற்று.

தலையையும் திமிலையும் மட்டும் நெருக்கமாக வெட்டிய படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாட்டுக்காரருக்கு அது படமே இல்லை. "காலை அறுத்துப்போட்டா என்னங்க தெரியும்? முழுசாத் தெரியோணுமுங்க" என்றார். சந்தைக்கு முன் வாங்குபவருக்கு அனுப்புவதற்காக அவர் கேட்கும் படத்தில் மாடு பக்கவாட்டில் நிற்க வேண்டும். நான்கு கால்களும், வாலும், உடல் நீளமும், சுழியும் (தோலில் மயிர் சுழன்றிருக்கும் இடமும்) தெரிய வேண்டும். அதற்கு 35 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு அருகில் போனால் தலை பெருத்துப் பின்பகுதி சிறுத்துவிடும் என்பதால், தள்ளி நின்று ஜூம் லென்ஸில் எடுத்தேன்.

இந்தப் படத்தில்தான் திருத்தத்துக்கு ஓர் எல்லை இருப்பது பிடிபட்டது. காங்கயம் காளைக்குத் தலை, கழுத்து, திமில், பின்தொடை ஆகிய இடங்களில் கருமை ஏறியிருக்கும். கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டினால் அந்தக் கருமை விலா வரை பரவியதுபோல் தோன்றும். இன்னும் கூட்டினால் மயிலைக் காளை (வெண்சாம்பல் நிறக் காளை) காரிக் காளையாகவே (கறுப்புக் காளையாகவே) மாறிவிடுகிறது. சுவரில் மாட்டும் படத்தில் இது என் விருப்பம். விலை பேசும் படத்தில் இது பொய். எனவே இப்போது ஒரே கோப்புக்கு இரண்டு பிரதிகள்: மாட்டுக்காரருக்கு வெட்டாத, கான்ட்ராஸ்ட் கூட்டாத படம்; எனக்கு நெருக்கமாக வெட்டி இருட்டாக்கிய படம்.

பிரிண்டு போடும்போது ஒரு முன்னெச்சரிக்கை தேவை. திரை தானே ஒளிர்வது, தாள் வாங்கிய ஒளியைத் திருப்பித் தருவது. எனவே திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துத் திருத்தினால்தான் தாளில் எதிர்பார்த்த அடர்த்தி வருகிறது. லேபில் கொடுக்கும்போது தானியங்கித் திருத்தம் வேண்டாம் என்று தனியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் தறிப் படத்தின் இருட்டைக் குறை என்று எண்ணி அந்த இயந்திரம் வெளிச்சமாக்கித் தந்துவிடும். நீலக் குடமும் முதல் ஆளாகத் திரும்பி வந்துவிடும். அடுத்து ஈரோட்டு மஞ்சள் மண்டியில் எடுத்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன். அங்கே படத்தின் மூன்று நிறப் பதிவுகளில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து மஞ்சள் குவியலின் மேடுபள்ளம் தெரியாமல் போகும் என்பதால், மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) காட்டும்படி கேமராவை இப்போதே அமைத்துவைத்திருக்கிறேன்.