ஸ்டோருக்குள்ளே ஒரு தேத்தண்ணி

அம்மாயி அதை 'ஸ்டோர்' என்றுதான் சொல்வாள். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். பறித்த கொழுந்தை மடுவத்தில், அதாவது எடை போடும் கொட்டகையில், நிறுத்துக் கொடுத்ததோடு அவள் வேலை முடிந்துவிடும். ஸ்டோருக்குள் அவள் போனதே இல்லை. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நீலகிரியின் கோத்தகிரிக்கு வந்த பிறகும் ஸ்டோரின் ஜன்னல்களைப் பற்றிப் பேசுவாள். "ராத்திரியில வரிசையா லைட்டு எரியும், கப்பல் நிக்கிற மாதிரி."

போன மாதம் அப்படி ஒரு ஸ்டோருக்குள் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். அவள் வேலை செய்த தோட்டம் வேறு. இது நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில், 6,500 அடிக்கு மேலே இருக்கும் ஹெதர்செட் தொழிற்சாலை. பல வருஷம் மூடிக் கிடந்து, 1996-இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். இப்போது ஹெரிட்டன்ஸ் டீ ஃபாக்டரி.

வாசலைத் தாண்டியதும் கண் தானாக மேலே போகிறது. நடுவில் கூரை வரை வெட்டவெளி, சுற்றிலும் இரும்புத் தூண்கள், மரத்தரை. எதையும் பூசி மறைக்கவில்லை. பழைய இயந்திரத்தையும் ராட்சத மின்விசிறிகளையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். வெளியே ஒரு பழைய ரயில் பெட்டியைச் சாப்பாட்டு அறையாக்கியிருக்கிறார்கள்; அழகுதான், ஆனால் என் மனம் ஸ்டோரை விட்டு நகரவில்லை.

இந்தக் கட்டடத்துக்கு வடிவம் கொடுத்தது கொழுந்து. பறித்து வந்த கொழுந்து முதலில் மாடிக்குப் போகும். அங்கே வரிசை வரிசையாகக் கட்டிய சாக்குத் தட்டுகளில் பரப்பி, கீழேயிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றை விசிறிகளால் இழுத்து வாட்டுவார்கள். ஈரம் வற்றி, கொழுந்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே குறைந்துவிடும். அதற்குத்தான் இத்தனை மாடி, இத்தனை நீளம், சுவர் முழுக்க ஜன்னல். வாடிய இலை கீழே இறங்கும். உருட்டுவது, புளிக்கவைப்பது, சுடுகாற்றில் காயவைப்பது எல்லாம் கீழ்த்தளத்தில். நூறு கிலோ கொழுந்துக்கு 22 கிலோ தூள் தேறினால் பெரிது.

கொழுந்து கிடந்த மாடிகளில் இப்போது விருந்தாளிகள் தூங்குகிறார்கள். ஜன்னல் வரிசையைக் குலைத்துப் பெரிய கண்ணாடிச் சுவர் எழுப்பாமல் விட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த வரிசை போயிருந்தால் இது மலையேறிய இன்னொரு ஹோட்டல், அவ்வளவுதான்.

ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த தம்பி முதலில் இங்கிலீஷில் ஆரம்பித்தான். நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்தது.

"எந்த ஊர் அக்கா?"

"கோத்தகிரி. எங்க அம்மாயி இந்தப் பக்கத்துத் தோட்டந்தான்."

"அப்ப நம்ம ஆளு! பால் ஊத்தட்டா, பிளேன்டீயா?"

பிளேன்டீதான் கேட்டேன். மலைச்சரக்குக்கே உரிய வெளிர் சாயம், நாக்கில் லேசான துவர்ப்பு. வெளியே சரிவு முழுக்கத் தேயிலை. கூடை சுமந்த நாலைந்து பெண்கள் வரிசையாக மேலேறிக்கொண்டிருந்தார்கள். இருட்டும் வரை நான் எழுந்திருக்கவில்லை. பிறகு பாதையில் இறங்கிப் போய், வெகு தூரம் தள்ளி நின்று, விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தேன்.