உன்கூடப் பேசவா வந்தேன்?

ஒரு பில் முடிய வேண்டுமென்றால் வாடிக்கையாளர் மூணு நாலு பதிலாவது சொல்லியாக வேண்டும். போன் நம்பர், பை வேணுமா வேண்டாமா, கேஷா ஜிபேவா. காய்கறியில் எடை ஸ்டிக்கர் ஒட்டாமல் வந்திருந்தால் அதற்கு ஒன்று. நான் யாரையும் குசலம் விசாரிக்கச் சொல்லவில்லை. கேஷியர் வேலையே இந்தக் கேள்விகள்தான். “உன்கூடப் பேசவா வந்தேன்?” என்று என்னைக் கேட்ட அந்த மனிதரிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

மாதத்தின் முதல் வாரம், சாயந்திரம். வரிசை பிஸ்கட் அலமாரி வரை நின்றது. அவர் காதில் போனோடுதான் கூடையை வைத்தார். முள்ளு கத்தரிக்காய் ஒரு கவரில் எடை போடாமல் கிடந்தது. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம வேலூர்க் காய்தான். எடை மெஷின் பக்கம் கூட்டம் என்று பாதிப் பேர் அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். “சார், இது எடை போடணும்” என்றேன். கையை ஆட்டினார். போட்டுவிட்டு வா என்கிறாரா, காயே வேண்டாம் என்கிறாரா, புரியவில்லை. நம்பர் கேட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், தூங்கிவிட்ட குழந்தையைத் தோள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள்.

பில்லை ஹோல்டு போட்டேன், அதாவது பாதியில் நிறுத்திவைத்தேன். கூடையை ஓரமாக நகர்த்தி, “பேசிட்டு வாங்க சார், அதுக்குள்ள இவங்களுக்குப் போட்டுடறேன்” என்றேன். குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை.

போனைக் காதிலிருந்து இறக்கினார். “இன்னாம்மா, சாமான் வாங்க வந்தேன். உன்கூடப் பேசவா வந்தேன்?”

கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். ராத்திரி கணக்கு முடிக்கும்போது அந்த ஹோல்டு பில்லை நான்தான் கேன்சல் செய்தேன்.

திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை. 10 ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும், மீதியாகக் கொடுத்தால் கவுண்டர் மேல் விசிறிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் பிளாஸ்டிக் பை தடை வந்த புதிதில், துணிப்பைக்குக் காசு கேட்டதற்கு என் வீட்டாரையே இழுத்துப் பேசினார்கள். அதெல்லாம் காட்பாடி பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். இது மறக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே தோன்றுவதுதான் காரணம்.

எங்கள் கடைக்கு ஒரு அம்மா வருவார். “சாப்டியா கண்ணு” என்று கேட்காமல் கூடையை வைக்கமாட்டார். அவ்வளவு நல்ல மனசு. ஆனால் மருமகள் கதையை ஆரம்பித்தால் பணத்தை எடுக்கவே நேரமாகும். வரிசை நீள நீள, இவங்க சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பக் கூடாதா என்று எனக்குள் ஓடும். அந்த நேரத்தில் நானும் அந்த மனிதர் சொன்னதைத்தானே நினைக்கிறேன்?

சரி, பேச்சு முக்கியமில்லை என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஊர்ப் பெரிய மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருகிற வங்காளிகள் பக்கத்து லாட்ஜ்களில் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கடுகு எண்ணெய், அரிசி, உருளைக்கிழங்கு வாங்க எங்களிடம் வருவார்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவர்களுக்குத் தெரியாது. பில் திரையை அவர்கள் பக்கம் திருப்புவேன். பையைத் தூக்கிக் காட்டி, வேணுமா என்று புருவத்தை உயர்த்துவேன். முகத்தைப் பார்த்துத் தலையசைப்பார்கள், நோட்டை என் கையில் கொடுப்பார்கள். நாலு கேள்விக்கும் பதில் வந்துவிடும். அந்த மனிதரிடம் நான் எதிர்பார்த்ததும் இவ்வளவுதான். எதிரில் ஒருத்தி நிற்பது தெரிந்தால் போதும்.

ஆமாம், நிற்பதுதான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்களுக்கும் ஸ்டூல் போட்டார்கள். உட்கார்ந்தால் ஸ்கேனர் எட்டும், பைகள் மாட்டியிருக்கிற கொக்கி எட்டாது. கூட்ட நேரத்தில் அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுத்தான் வேலை பார்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவனம் போனில் இருக்கும்போது நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, “ஐந்நூறு கொடுத்தேனே” என்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிஜமாகவே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் ராத்திரி ஷார்ட்டேஜ் வந்தால் பிடிப்பது என் சம்பளத்தில். அதனால் அன்றைக்கு ஹோல்டு போட்டதை இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன்.

அப்புறம் ஏன் உறுத்துகிறது? அவர் போனில் பேசியதில் ஒரு துண்டு என் காதில் விழுந்தது. “ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணிட்டேன், மூணாவதுதான் கிடைக்கல.” நம்ம பக்கம் எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில்தான் வாங்குவார்கள். ரத்தமும் யூனிட் கணக்குதான். இந்த ஊரில் இரண்டுக்கும் ஆள் அலைந்துகொண்டே இருக்கிறார்கள். வேறு ஊராக இருந்தால் மணல்தான் என்று விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

போன மாதம் பக்கத்து கவுண்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். “போன்ல இருக்கறவங்கள இன்னாக்கா பண்றது?” என்று கேட்டாள். ரெண்டு தடவை கேளு, பதில் வரலன்னா ஹோல்டு போட்டுட்டு அடுத்தவங்களப் பாரு என்றேன். “அழுதுகிட்டே பேசினா?” என்றாள். அப்போ நம்பரெல்லாம் கேட்காத, சீக்கிரம் முடிச்சு அனுப்பு என்றேன். அழாமப் பேசினா ஹோல்டுதான்.

அந்த மனிதர் அழவில்லை. மணலுக்கு லாரி சொல்கிறவர் பேசுவதுபோல சாதாரணமாகத்தான் பேசினார். ஆனால் ரத்தத்துக்கு அலைகிறவர்களும் முதல் நாள் அழுது, ரெண்டு மூணு நாளில் அந்தக் குரலுக்கு வந்துவிடுகிறார்கள். அதையும் இதே கவுண்டரில் நின்று கேட்டிருக்கிறேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால், அப்புறம் யாருக்குத்தான் ஹோல்டு போடுவது என்று கேட்பாள்.