படலுக்கு வெளியே நின்று எடுத்த படம்

2025 ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், காங்கேயம் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்துச் சாளைக்கு (வீட்டுக்கு), இரு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதை வழியாக இரண்டு இளைஞர்கள் பைக்கில் வந்தார்கள். அப்பா தேங்காய்ப் பருப்பு விலை கேட்கக் காங்கேயம் போயிருந்தார். வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். வந்தவர்கள் வண்டியை, வேலியின் வாயில் தடுப்பான படலுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். அதை அணைக்கவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கைபேசியை உயர்த்திப் பிடித்து, வீட்டின் முகப்பையும், கட்டுத்தறியையும், கிணற்று மேட்டையும், மோட்டார் அறையையும், வேப்பமரத்தடியில் கட்டியிருந்த நாயையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அம்மா வாசலுக்கு வந்து, "யாருங்க சாமி, என்ன வேணுங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க அம்மா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் "சும்மா" என்ற சொல் அம்மாவை அன்று இரவு தூங்க விடவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் எனக்குத் தொலைபேசியில் சொல்லும்போது அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "நாயையும் படம் புடிச்சாங்க கண்ணு. நாயை எதுக்குப் புடிக்கோணும்?"

கொங்குப் பகுதியின் தோட்டத்து வாழ்க்கையை அறியாதவர்களுக்கு இந்தப் பயம் மிகையாகத் தோன்றக்கூடும் என்பதால், அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தஞ்சைப் பக்கத்து ஊர்களைப் போல வீடுகள் தெருவாகச் சேர்ந்து நிற்கும் அமைப்பு எங்களிடம் குறைவு. அவரவர் நிலத்துக்கு நடுவே, கிணற்றுக்குப் பக்கத்தில், அவரவர் சாளை. சுற்றிலும் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். அதற்கும் அப்பால்தான் அடுத்த வீடு. சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் காற்று இந்தப் பக்கம் அடித்தால் அந்த வீட்டுக்குக் கேட்காது. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட பிறகு, இந்த வீடுகளில் பெரும்பாலும் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் மட்டுமே இருக்கிறார்கள்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த தாய், தந்தை, மகன் ஆகிய மூவரும் ஓர் இரவில் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக வசித்த முதிய தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. இரண்டு இடங்களும் எங்கள் ஊரிலிருந்து எளிதாகப் போய்வரக்கூடிய தூரம். இந்தச் செய்திகளுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்தும் வழக்கம் வந்துவிட்டது. இரவு ரோந்து வரும் காவலர்களின் வண்டி விளக்கைக் கண்டால்தான் சிலருக்குக் கண் அயரும். சிவகிரிச் சம்பவம் நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், முன்பின் தெரியாத இருவர் பேர் சொல்லாமல் வீட்டைப் படம் எடுத்துப் போனால் ஒரு தாய் என்ன நினைப்பார்?

அந்தப் படங்களில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நான் பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். படலுக்குப் பூட்டு இல்லை, கயிறுதான் என்பது தெரியும். நாய் ஒன்றே ஒன்று, அதுவும் பகலில் கட்டிக் கிடப்பது தெரியும். வாசலில் நிற்கும் வண்டிகளை வைத்து வீட்டில் ஆண்கள் எத்தனை பேர் என்று கணக்கிடலாம். கொடியில் காயும் துணிகளை வைத்து வயதையும் எண்ணிக்கையையும் சொல்லிவிடலாம். கேமரா இல்லாததும், மோட்டார் அறைக்குக் கதவு இல்லாததும், கிணற்றுக்குள் இறங்கும் கேபிள் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் தெரியும். செம்புக்காக மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் புதிய செய்தி அல்ல. பத்து நிமிடம் நேரில் நின்று பார்த்தாலும் மனத்தில் தங்காத விவரங்கள், ஒரு படத்தில் என்றென்றைக்கும் தங்கிவிடுகின்றன. வந்தவர் வேறு, பார்ப்பவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு என்று கை மாறவும் செய்கின்றன. இருப்பிட வசதியை இயக்கிவைத்த கைபேசியில் எடுத்த படத்துக்குள் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். அதையே கோப்பாக அனுப்பினால் நீங்காது, இட்டேரி முனை வரை வழிகாட்டிவிடும்.

முன்பு நோட்டம் விடுவதற்கு ஒருவன் நாலு முறையாவது ஊருக்குள் வர வேண்டும். கத்தி சாணை பிடிப்பவனாகவோ, பழைய இரும்பு வாங்குபவனாகவோ வந்தாலும், யாராவது ஒருவர் அவனிடம் பேச்சுக் கொடுப்பார். எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்தாய், யாரைத் தெரியும் என்று கேட்பார். அந்தப் பேச்சுத்தான் எங்கள் ஊர்களுக்கு இருந்த காவல். வேலி ஆட்டையும் மாட்டையும்தான் தடுக்கும். மனிதரை நிறுத்தியது அந்தக் கேள்வி. கைபேசிக் கேமரா அந்தப் பேச்சுக்கு அவசியமே இல்லாமல் செய்துவிட்டது என்பதுதான் என் உண்மையான வருத்தம். படம் எடுப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் எடுப்பது தவறு என்கிறேன்.

அந்த இருவர் யார் என்பது ஒன்பது நாள் கழித்துத் தெரிந்தது. என் சித்தப்பா மகன், நிலம் விற்பனை தொடர்பான விளம்பரம் ஒன்றைக் கைபேசியில் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினான். எங்களுக்குக் கிழக்கே இருக்கும் பூமியை விற்றுத் தர முயன்ற தரகர் ஒருவர், தண்ணீர் வசதிக்குச் சான்றாக எங்கள் கிணற்றையும், சூழலுக்குச் சான்றாக எங்கள் சாளையையும், வேப்பமரத்தையும், நாயையும் போட்டு, வரைபடத்தில் எங்கள் வாசலிலேயே குறியும் வைத்திருந்தார். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் இரண்டு குடும்பங்கள் காரில் வந்து படலைத் திறந்துகொண்டு உள்ளே நடந்திருந்தன. வழி தவறி வந்தவர்கள் என்று அம்மா நினைத்து அவர்களுக்கு மோர் கொடுத்திருக்கிறார். தரகரைத் தேடிப் பிடித்துப் பேசியபோது, "ரோட்டுல நின்னு எடுத்ததுதானுங்களே" என்றார். மூன்று முறை கேட்ட பிறகு படங்களை நீக்கினார். அதற்குள் எத்தனை கைபேசிகளில் அவை இறங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் சொன்னதில் சட்டப்படி ஓரளவு உண்மை இருந்தது என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் பொதுவழியில் நின்று ஒருவர் வீட்டின் வெளிப்புறத்தைப் படம் எடுப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டப்பிரிவு நமக்கு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படம் எடுப்பதைப் பற்றியது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு, தனிமையில் இருக்கும் பெண்ணை மறைந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் தண்டிக்கிறது. அத்துமீறி நுழைதலுக்கு அதிலேயே 329ஆவது பிரிவு உண்டு. ஆனால் அதற்கு அவர் உள்ளே வந்திருக்க வேண்டும், குற்ற நோக்கமோ தொல்லை தரும் எண்ணமோ இருந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தகவலுக்குப் பொருந்தாது. வியாபாரத்துக்காக எடுத்தவருக்கு அந்த விலக்கு இல்லை என்று வாதிடலாம். ஆனால் ஒரு விவசாயி தம் கிணற்றின் படத்துக்காக அந்த வாதத்தை எங்கே கொண்டு போவார்?

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 2009 ஏப்ரலில் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் அருகே உள்ள பிராட்டன் கிராமத்துக்கு, இணைய வரைபடத்துக்காகத் தெருக்களைப் படம் எடுக்கும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ கார் வந்தபோது, அண்மையில் நடந்திருந்த திருட்டுகளால் கலங்கியிருந்த மக்கள் தெருவில் வரிசையாக நின்று அதைத் திருப்பி அனுப்பினார்கள். இந்தியாவில் அந்தச் சேவை 2022 ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களோடுதான் தொடங்கியது. இட்டேரிகளுக்குக் கார் வரத் தேவையே இல்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. வானத்திலிருந்தும் வருகிறது. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு உட்பட்ட சிறு ட்ரோனை இயக்க ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை.

எங்கள் விவசாயிகள் படம் என்றாலே நெற்றியைச் சுருக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த விஷயம் திருட்டுப் பயமாக மட்டுமே தெரியும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கெயில் எரிவாயுக் குழாய்த் திட்டம் ஏழு மேற்கு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியாக வரவிருந்தபோதும், பிறகு உயர் அழுத்த மின்கோபுரங்கள் தோட்டங்களுக்குள் நிறுத்தப்பட்டபோதும், முதலில் வந்தவர்கள் கையில் கருவியோடு வந்த அளவைக்காரர்கள். நில உரிமையாளருக்குத் தெரியும் முன்பே நிலம் வரைபடத்தில் கோடாகிவிட்ட அனுபவம் பல குடும்பங்களுக்கு இருக்கிறது. ஆகவே அறிமுகமில்லாத ஒருவர் பூமியைப் படம் எடுத்தால், எங்கள் அப்பா தலைமுறையினர் "எவன் வீட்டுக்கு வரப்போறான்?" என்று கேட்பதற்கு முன், "எந்தத் திட்டம் வரப்போகுது?" என்றுதான் கேட்பார்கள்.

அரசு தரப்பிலும் படம் எடுப்பது இப்போது அன்றாட வேலையாகிவிட்டது. வீடு கட்டும் திட்டங்களில் அடித்தளம் முதல் கூரை வரை ஒவ்வொரு கட்டத்தையும் இருப்பிடக் குறியோடு படம் எடுக்கிறார்கள். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவே படம்தான். 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்கள் வயல் வயலாக அனுப்பப்பட்டார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்த இரண்டு பிள்ளைகள் படலுக்கு வெளியே நின்று, "வீட்டுல யாருங்க?" என்று குரல் கொடுத்தார்கள், கல்லூரி அட்டையைக் காட்டினார்கள், எந்தப் பயிரை எதற்காக எடுக்கிறோம் என்று சொன்னார்கள். அம்மா அவர்களோடு வரப்பில் நடந்து, பாம்பு கிடக்கும் இடத்தைச் சொல்லி எச்சரித்து, இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினார். எடுத்தது அதே நிலம், அதே கைபேசிக் கேமரா. அன்று இரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அதே சமயம், பயம் எங்கே போய் முடியும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2018 மே 9 அன்று, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தினர், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் கிராமத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள் என்பதற்காக, குழந்தை கடத்துபவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டுக் கும்பலால் தாக்கப்பட்டார்கள். 65 வயதுப் பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் அந்தக் கைகளை ஓங்க வைத்தது. எங்கள் ஊர்க் குழுவில் அந்த இரண்டு பைக்காரர்களைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தபோது இந்த நினைவு வந்தது. வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அம்மா மனத்தில் வைத்திருந்தார். அதைக் குழுவில் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி, காவல் நிலையத்தில் மட்டும் எழுதிக் கொடுக்க வைத்தேன். போட்டிருந்தால், தரகரிடம் தினக்கூலிக்குப் படம் எடுக்கும் இரண்டு பையன்களை யாராவது எங்கேயாவது மறித்திருப்பார்கள். அவர்களை நிறுத்திக் கேட்கலாம். எடுத்த படத்தைக் காட்டச் சொல்லி வேண்டலாம். வண்டியைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குச் சொல்லலாம். கைபேசியைப் பிடுங்கவும் மேலே கை வைக்கவும் நமக்கு உரிமை இல்லை, தேவையும் இல்லை.

இப்போது படலுக்குச் சங்கிலியும் பூட்டும் போட்டிருக்கிறோம். மோட்டார் அறைக்குக் கதவு வைத்தாயிற்று. இரண்டு கேமராக்களும் பொருத்தினோம். அவற்றில் ஒன்று இட்டேரியை நோக்கி இருந்ததால், மேலத் தோட்டத்து அக்கா ஆடு ஓட்டிப் போவதும் வருவதும் அதில் நாள் முழுக்கப் பதிவாவதைக் கண்டு, அவரிடம் சொல்லாமலே அவரைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. மறுநாளே அதைப் படல் வரை மட்டும் தெரியும்படி திருப்பினேன்; அவரிடமும் போய்ச் சொன்னேன்.

கிராம சபையில் வைக்க ஒரு மனுவும் எழுதியிருக்கிறோம். அளவை, கணக்கெடுப்பு, கடன் விசாரணை, விளம்பரம் என எந்த வேலையாக இருந்தாலும், வீடுகளையும் நிலங்களையும் படம் எடுக்க வருபவர்கள் முதலில் ஊராட்சிச் செயலரிடம் பெயரையும் நோக்கத்தையும் பதிந்துவிட்டு, வீட்டுக்காரரிடம் குரல் கொடுத்த பிறகே எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானத்துக்குச் சட்ட வலிமை எவ்வளவு என்பதைவிட, ஊராட்சி அலுவலகச் சுவரில் அது எழுதப்பட்டிருப்பது எங்களுக்குப் போதும். இதுவரை முப்பத்தொரு வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அம்மாதான் வீடு வீடாகப் போய் வாங்கினார். கிழக்குப் பூமிக்காரரும் போட்டார். தன் நிலத்தை விற்க எங்கள் வீட்டுப் படம் போட்டது தனக்கே தெரியாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.