ஓலெட் டிவியில் இருட்டுக் கோடுகளும் மஞ்சள் முகமும்: நாங்கள் சரிப்படுத்திய விதம்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில் 55 அங்குல ஓலெட் டிவி ஒன்று இருக்கிறது. வாங்கி ஒரு வருடம் ஆகும் முன்பே, இருட்டான காட்சி வரும்போதெல்லாம் திரையில் மேலிருந்து கீழாக மங்கலான கோடுகள் தெரியத் தொடங்கின. வெளிச்சமான காட்சியில் ஒன்றும் தெரியாது. இரவுக் காட்சியில் கமரா மெல்ல நகர்ந்தால், படம் நகரும், கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். பார்க்க வந்த திருத்துநர் ஐந்து நிமிடத்தில் முடிவு சொன்னார்: "பேனல் பழுது, மாத்தத்தான் வேணும்." பேனலின் விலை கிட்டத்தட்ட டிவியின் விலை. இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சாமானை அப்படி விட மனம் வரவில்லை. வாசித்து, சோதித்து, அளந்து பார்த்துத்தான் சரிசெய்தோம். இதே டிவி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் கோடு எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும். அந்திவானம், புகை, கடல்மேல் மூட்டம் போன்ற காட்சிகளில் நிறம் படிப்படியாக உடைந்து பட்டையாகத் தெரிவது ஒரு வகை. அது காட்சியோடு சேர்ந்து நகரும். பெரும்பாலும் ஒளிபரப்பை இறுக்கிச் சுருக்கி அனுப்புவதால் வருவது அது, டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை. மற்றது, எந்தப் படம் ஓடினாலும் திரையில் ஒரே இடத்தில் நிற்கும் கோடு. அது பேனலில் இருப்பது. எங்களுடையது இரண்டாவது வகை. இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, யூஎஸ்பி குச்சியில் 5 சதவீதச் சாம்பல் நிறப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தபோது கோடுகள் தெளிவாகவே நின்றன.

இதன் காரணம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது, பின்விளக்கு கிடையாது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தை அளந்து விடுவது அதன் பின்னால் இருக்கும் மிகச் சிறிய டிரான்சிஸ்டர்கள். டிவி ஓட ஓட இவற்றின் குணம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், எல்லாம் ஒரே அளவில் மாறாது. அதிக வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. கறுப்புக்குச் சற்று மேலே, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடும்போதுதான் கோடாகத் தெரியும். இதைச் சரிக்கட்ட டிவிக்குள்ளேயே ஒரு வேலை நடக்கிறது. பெரும்பாலான ஓலெட் டிவிகளில், மொத்தமாக ஏறக்குறைய 4 மணித்தியாலம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், திரை இருண்டபின் சில நிமிடங்களுக்கு டிவி தன்னைத்தானே அளந்து திருத்திக்கொள்ளும். அதற்குச் சுவர் பிளக்கில் கரண்ட் இருந்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யார் இரவில் பிளக்கில் கரண்டை விட்டுவைக்கிறார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரமானால் இடி. பங்குனி, சித்திரையிலும் அப்படித்தான். முதல் முழக்கம் கேட்டதும் அன்ரனா வயரையும் பிளக்கையும் பிடுங்குவது சின்ன வயதிலிருந்து எல்லா வீட்டிலும் பழகிய வேலை. 2022இல் மணித்தியாலக் கணக்கில் கரண்ட் வெட்டிய காலத்துக்குப் பிறகு, திரும்பி வரும் மின்சாரம் சாமானை எரித்துவிடும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. படுக்கப் போகுமுன் அம்மா எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார். பழைய டிவிக்கு அது நல்ல பழக்கம், காசும் மிச்சம். ஓலெட்டுக்கோ அந்தத் திருத்த வேலை ஒரு நாளும் நடக்காமலே போகிறது. ஒரு வருடமாக எங்கள் டிவிக்கு அதுதான் நடந்திருக்கிறது.

அம்மாவிடம் விளங்கப்படுத்தியபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "அப்ப இடி விழுந்தா என்ன செய்யிற மனே?" அதற்கு நாங்கள் செய்தது இது. டிவிக்கும் செட்டொப் பெட்டிக்கும் திடீரென ஏறும் மின்சாரத்தைத் தடுக்கும் நல்ல சேர்ஜ் புரொட்டெக்டர் ஒன்று போட்டோம். வீட்டின் எர்த் வயர் சரியா என்று மின்வேலை செய்பவரைக் கூப்பிட்டுப் பார்த்தோம், எர்த் இல்லாமல் அந்தப் புரொட்டெக்டரால் முழுப் பயன் இல்லை. டிவியை எப்போதும் ரிமோட்டிலேயே அணைக்கிறோம். இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும், பக்கத்தில் விழும் மின்னலை எந்தப் புரொட்டெக்டரும் தாங்காது. ஆனால் இடியில்லாத இரவுகளில் பிளக்கைத் தொடுவதில்லை. எங்கள் டிவியில் வேலை முடிந்ததும் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இப்போது அம்மாவுக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது.

மெனுவுக்குள் இதையே பெரிய அளவில் செய்யும் தெரிவு ஒன்றும் இருக்கிறது, ஒரு மணித்தியாலம் அளவு எடுக்கும். கோடு தெரிகிறது என்று அதை அடிக்கடி ஓட்ட வேண்டாம், பேனலைத் தேய்க்கும் வேலை அது. சில தயாரிப்புகளில் 2000 மணித்தியாலத்துக்கு ஒருமுறை டிவியே அதைக் கேட்டுச் செய்யும். நாங்கள் முதலில் சிறிய திருத்தம் நாளாந்தம் நடக்கவிட்டுப் பொறுமையாகப் பார்த்தோம். சில வாரங்களில் கோடுகள் பெரும்பாலும் மறைந்தன. இடப்பக்க ஓரமாக ஒன்று மட்டும் சாம்பல் படத்தில் மெல்லத் தெரிகிறது. படம் பார்க்கும்போது அதைக் காணவில்லை, அதனால் அதைத் தேடுவதை விட்டுவிட்டேன். சோதனைப் படத்தில் முழுச் சுத்தமான ஓலெட் பேனலைக் காண்பது அரிது.

கோடு போன பிறகுதான் மற்றக் குறைகள் கண்ணில் பட்டன. செய்தி பார்க்கும்போது திரைக்குக் கீழே ஓடும் எழுத்து விக்கி விக்கி ஓடியது. இது டிவியில் இல்லை, பெட்டியில். நம் நாட்டு ஒளிபரப்பும் இந்திய ஒளிபரப்பும் செக்கனுக்கு 25 அல்லது 50 படம் என்ற கணக்கில் வருபவை. நாங்கள் பாவிக்கும் ஆன்ட்ரொய்ட் பெட்டி எல்லாவற்றையும் 60இல் அனுப்பிக்கொண்டிருந்தது. 50ஐ 60க்குள் சமமாகப் பங்கிட முடியாது, சில படம் ஒருமுறையும் சில படம் இருமுறையும் வரும், அதுதான் விக்கல். பெட்டியின் செட்டிங்கில் 50 ஹேர்ட்ஸ் என்று மாற்றியதும் எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடியது. கிரிக்கெட் பந்தும் அப்படியே. சினிமா 24 என்பதால், வரும் படத்துக்கு ஏற்ப மாறும் தெரிவு பெட்டியில் இருந்தால் அதைப் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

கறுத்த உடுப்பின் மடிப்புகள் தெரியாமல் ஒரே மையாக இருந்ததற்கும் காரணம் அதே பெட்டிதான். வெளிச்சத்தை எண்ணால் குறிக்கும்போது, வீடியோவில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடியும். கணினி வழக்கப்படி 0 முதல் 255 வரை. பெட்டி ஒரு கணக்கிலும் டிவி மற்றக் கணக்கிலும் இருந்தால், கறுப்பு மூழ்கிவிடும் அல்லது சாம்பல் பூத்தது போலாகும். இரண்டையும் லிமிடெட் என்ற ஒரே கணக்குக்கு, அதாவது 16–235க்குக் கொண்டுவந்தோம். பிறகு ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசச் சோதனைப் படத் தொகுப்பில் கறுப்புப் பட்டைகள் வரும் படத்தைப் போட்டு, 16 தெரியாமலும் 17 இலேசாக மின்னியும் நிற்கும்படி பிரைட்னஸைப் பிடித்தோம். பிரைட்னஸ் என்று பெயர் இருந்தாலும் அது மாற்றுவது கறுப்பின் அளவை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஓலெட் டிவிகளில் வேறொரு தெரிவு இருக்கும்.

அப்புறம் படத்தைக் 'கெட்டிப்படுத்தும்' வசதிகளை எல்லாம் அணைத்தோம். கடையில் டிவி கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காக வைத்திருக்கும் விவிட் முறை, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் தானியங்கி மங்கல், இரைச்சல் நீக்கி எல்லாம் போயின. ஷார்ப்னஸைக் கூட்டினால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரை வரும், அதைக் குறைத்தோம். அசைவை வழவழப்பாக்கும் வசதியை மட்டும் முழுதாக அணைக்கவில்லை. ஓலெட் புள்ளி மிக வேகமாக மாறுவதால், 24 படக் கணக்கில் கமரா பக்கவாட்டில் நகரும்போது தடக் தடக் என்று தெரியும். மிகக் குறைந்த அளவில் அதை வைத்ததும் எங்கள் கண்ணுக்கு ஒத்துவந்தது. கடைசியில் ஃபிலிம்மேக்கர் முறையைத் தெரிவுசெய்தோம். டிவி, சினிமா நிறுவனங்களின் கூட்டமைப்பான யூஎச்டி அலையன்ஸ் 2019இல் அறிவித்த முறை அது, படம் எடுத்தவர்கள் பார்த்துத் தீர்மானித்த நிறத்தையே காட்டுவது அதன் நோக்கம்.

அன்றிரவு அம்மா சொன்னது: "என்னடா மனே, எல்லாருக்கும் காமாலை பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

இந்த இடத்தில்தான் பலர் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். வெள்ளையின் சாயலைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கூடும். கடை முறையில் வெள்ளை பெரும்பாலும் 9000 கெல்வினையும் தாண்டி நீலம் பாய்ந்து நிற்கும். சினிமாவுக்கும் ஒளிபரப்புக்கும் வகுத்த வெள்ளை டி65 எனப்படுவது, ஏறக்குறைய 6500 கெல்வின். நீலத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது மஞ்சளாகத்தான் தெரியும். அம்மாவுக்கு எண்ணைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. வீட்டு எல்ஈடி மின்குமிழின் பெட்டியைக் காட்டினேன். நம் கடைகளில் டேலைட் என்று விற்கும் குமிழில் 6500 கெல்வின் என்றே அச்சடித்திருக்கும். அந்த வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை டிவிக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெள்ளைப் படத்தைப் போட்டோம். பழைய முறையில் திரை நீலமாகவும் தாள் மஞ்சளாகவும் நின்றன, புதிய முறையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. குமிழ்கள் அச்சடித்த எண்ணுக்கு மிகச் சரியாக இருப்பதில்லை, ஆனாலும் கண்ணுக்கு விளங்கப்படுத்த இது போதும். இரண்டு கிழமைக்குத் திருப்பி மாற்றுவதில்லை என்று அம்மாவோடு பேசிக்கொண்டோம். அதற்குள் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மெனுவில் வார்ம் என்று வைத்தால் டி65க்குக் கிட்ட வரும், மிகச் சரியாக வராது. அதற்குத் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் வேண்டும். வாங்குவதென்றால் நிறையக் காசு. கல்யாண அல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கணினித் திரையின் நிறத்தைச் சரிபார்க்க அவர்கள் இதே கருவியைத்தான் வைத்திருப்பார்கள். எனக்குக் களுவாஞ்சிகுடியில் அல்பம் செய்யும் மச்சான் ஒருவர் தந்தார். "கொண்டு போ மச்சான், வெயிலுக்க மட்டும் வச்சிராத. தோல் நிறத்தை நீ துரத்தாத, வெள்ளையைப் பிடி, தோல் தானா வரும்" என்றார். முழு வேலையிலும் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆலோசனை அதுதான்.

மீட்டர் அளப்பதைக் காட்டும் எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் போட்டோம். டிவியை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே அளக்க வேண்டும். மீட்டரில் ஓலெட் என்ற திருத்தத்தைத் தெரிவுசெய்ய வேண்டும், எல்சிடி திருத்தத்தில் அளந்தால் எண் சரியாக வந்தும் படம் பிழையாக இருக்கும். முழுத் திரை வெள்ளையை அளக்கக் கூடாது. ஓலெட் முழுத் திரையில் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆகவே நடுவில் 10 சதவீத அளவுப் பெட்டி காட்டும் படத்தையே பாவித்தோம். பச்சையைத் தொடாமல், 80 சதவீத வெள்ளையில் சிவப்பையும் நீலத்தையும் ஏற்றி இறக்கி, பிறகு 30 சதவீதச் சாம்பலில் அதே வேலை. ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்று அசையும், மாறி மாறிப் பார்க்க வேண்டும். நீலம்தான் கூடியிருந்தது. பிழையைச் சொல்லும் டெல்டா ஈ எண் 3க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிட்டோம், அதற்குக் கீழான வித்தியாசத்தைக் கண் எளிதில் காணாது. 20 புள்ளித் திருத்தம் என்று மெனுவில் ஒன்று உண்டு. அதை அதிகம் நோண்டினால், முதலில் சொன்ன நிறப் பட்டைகளை நாங்களே படிப்படியான நிறங்களில் கொண்டுவந்துவிடுவோம்.

இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று என இரண்டு முறை வைத்திருக்கிறோம். யன்னல் எல்லாம் மூடிய இரவில் வெள்ளை 100 நிட்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவு, நிழல்களின் கருமையைத் தீர்மானிக்கும் காமா 2.4. கடற்பக்க யன்னலைத் திறந்து வைக்கும் பகலில் வெளிச்சம் இரட்டிப்பு, காமா 2.2. இரவு முறையைப் பகலில் பார்த்தால் நிழலெல்லாம் மூடிவிடும், டிவியில் பிழை என்றே நினைக்கத் தோன்றும்.

எங்கள் எண்களைக் கேட்டுச் சிலர் அழைத்தார்கள். நான் கொடுக்கவில்லை. ஒரே மொடலில் இரண்டு பேனலை அருகருகே வைத்தாலும் வெள்ளை ஒன்றாக இராது. முறை, காமா, ஷார்ப்னஸ் ஆகியவற்றைப் பார்த்து எழுதலாம். வெள்ளைத் திருத்த எண் அந்தந்த டிவிக்கே உரியது.

எச்டிஆர் எனப்படும், வெளிச்ச வீச்சு கூடிய படங்களுக்கு மீட்டர் போடவில்லை. அங்கே வெளிச்சத்தின் உச்சியைப் பேனலே தீர்மானிக்கிறது. ஃபிலிம்மேக்கர் முறையில் வெளிச்சத்தை முழுதாகத் திறந்து விட்டுவிடுவது போதும். பனிமலை, வெண்மேகம் என்று திரை முழுதும் வெளுக்கும்போது மங்கினால் பயப்பட வேண்டாம், பேனல் தன்னைக் காத்துக்கொள்கிறது.

பேனல் ஓட ஓட வெள்ளை சற்று விலகும், ஆகவே இதை ஒருமுறை செய்து முடிந்த வேலையாக விட முடியாது. மார்கழியில் கல்யாணம் இல்லை, மச்சானின் மீட்டரும் சும்மா இருக்கும். அப்போது திரும்ப அளப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.