பழைய ஜீப்புக்குப் புதுப் பட்டை: முதலில் எடை, பிறகு அளவு, கடைசியில் கொள்முதல்

வில்லிஸ், சீரிஸ் லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர் எஃப்ஜே40 என எந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியாக இருந்தாலும், பட்டை, அதாவது எடையைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், மாற்றும்போது பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். வண்டியின் இன்றைய எடை தெரியாமல் 'ஹெவி டியூட்டி' செட் வாங்கிவிடுகிறோம். பாரம் சுமக்கப் பிறந்த வண்டி இன்று இரண்டு பேரோடு ஓடுகிறது. அதற்கு முரட்டுப் பட்டை போட்டால் பின்பக்கம் துள்ளும், சக்கரம் தரையைப் பிடிக்காது, முதுகு வலிதான் மிச்சம்.

வண்டி சாய்ந்து நிற்பதற்குப் பட்டைதான் காரணமா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். சமதரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, வண்டியை மேலும் கீழும் நன்றாகக் குலுக்கி விடுங்கள். பிறகு ஆக்ஸில் குழாயின் மேல்விளிம்பிலிருந்து சேஸிஸ் சட்டத்தின் அடிவிளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். மட்கார்டிலிருந்து அளப்பதை நான் நம்புவதில்லை. பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள ரப்பர் இற்றுப்போயிருந்தால் அந்த அளவு ஏமாற்றிவிடும். வலது இடது வித்தியாசம் 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதே ஆக்ஸிலின் இரண்டு பட்டைச் செட்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் பட்டை தளர்ந்திருக்கிறது. மாறாமல் அப்படியே நின்றால் சேஸிஸ் முறுக்கியிருக்கிறதா, பட்டையைச் சேஸிஸில் பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். சீரிஸ் லேண்ட் ரோவரில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. டிரைவர் பக்கப் பட்டைக்குக் கம்பெனியே கூடுதல் வளைவு கொடுத்து, தனி பார்ட் நம்பரில் விற்றது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பட்டையை வாங்கிவிட்டு, வண்டி ஏன் சாய்கிறது என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

செட்டைக் கழற்றியதும், பட்டைகளை ஒன்றாகக் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றிப் பாருங்கள். விரிசல் அநேகமாக அங்கேதான் தொடங்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டு, துணியால் உலர்த்தித் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பொடியில் முடி போல ஓர் ஈரக் கோடு எழும். அந்தப் பட்டை கழிவுதான். வெல்டிங் வைத்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து எஃகின் பதம் கெட்டு, ஒட்டிய இடத்தின் ஓரத்திலேயே உடையும். ஒவ்வொரு பட்டையின் முனையும் மேலுள்ள பட்டையில் பள்ளம் தோண்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கால் மி.மீ. பள்ளம்கூட விரிசலுக்கு விதை.

விரிசல் இல்லை, வளைவு மட்டும் படுத்துவிட்டது என்றால் கேம்பர் ஏற்றுவது, அதாவது பழைய வளைவைத் திரும்பக் கொடுப்பது, ஒரு வழி. உலையில் சீராகச் சூடேற்றி, வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடேற்றி டெம்பர் செய்யும் பட்டறை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். கேஸ் டார்ச்சால் ஒரே இடத்தில் காய்ச்சி வளைக்கும் பட்டறை வேண்டாம். அந்த இடம் மென்மையாகி, சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும்.

புதிதாக வாங்குவதென்றால் எடைமேடையில் தொடங்குங்கள். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டையும் தனித்தனியாக, வழக்கமாக ஏற்றும் ஆட்கள், சாமான், நிறைந்த டீசல் டேங்க் சகிதமாகப் போடுங்கள். அதிலிருந்து பட்டை தாங்காத எடையை, அதாவது ஆக்ஸில், சக்கரம், பிரேக் டிரம் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். உதாரணத்துக்குப் பின் ஆக்ஸில் 700 கிலோ, அதில் ஆக்ஸிலும் சக்கரமும் 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 520 கிலோ, ஒரு பட்டைச் செட்டுக்கு 260 கிலோ. ஒரு மி.மீ. அமுங்க 3 கிலோ கேட்கும் செட் என்றால் 87 மி.மீ. அமுங்கும். அதே வளைவில் 4.5 கிலோ கேட்கும் செட் போட்டால் 58 மி.மீ.தான் அமுங்கும். லிஃப்ட் கிட் எதுவும் இல்லாமலே வண்டி 29 மி.மீ. உயர்ந்து நிற்கும். ஆட்டமும் மாறிவிடும்: முதல் செட்டில் நொடிக்குச் சுமார் 1.7 முறை ஆடும் வண்டி, இரண்டாவதில் 2.1 முறை ஆடும். 2-ஐத் தாண்டினாலே கல்ரோட்டில் உடம்புக்குத் தெரியும்.

பட்டை எண்ணிக்கையை வைத்து விறைப்பைக் கணிப்பது பலருக்கும் பழக்கம். தடிமன்தான் முக்கியம், விறைப்பு தடிமனின் மும்மடியாக (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். எல்லாம் ஒரே தடிமன் என்றால், 10 பட்டைச் செட்டில் இன்னொன்று சேர்த்தால் 10 சதவீதம்தான் கூடும். ஆனால் 6 மி.மீ. பட்டைகளுக்குப் பதில் எல்லாவற்றையும் 7 மி.மீ.யில் போட்டால் ஏறக்குறைய 59 சதவீதம் கூடும். ஆகவே 'பழையதில் இருந்த அதே எண்ணிக்கைதான்' என்று விற்பவர் சொல்வது போதாது. வெர்னியர் காலிப்பரோடு போய் ஒவ்வொரு பட்டையையும் அளக்க வேண்டும்.

பழைய செட்டில் எடுக்க வேண்டிய மற்ற அளவுகளில் முதலாவது அகலம். வில்லிஸ் எம்பி மாடலுக்கு 44.5 மி.மீ., சீரிஸ் லேண்ட் ரோவருக்கு 63.5, எஃப்ஜே40-க்கு 70. அடுத்து, கண்ணிலிருந்து (பட்டை முனையில் சுருண்ட வளையம்) கண்ணுக்கு மொத்த நீளத்தை மட்டும் எடுத்து நிறுத்தாதீர்கள். சென்டர் போல்ட்டிலிருந்து முன்கண், பின்கண் இரண்டுக்கும் தனித்தனியாக, கண்கள் உள்ள மெயின் பட்டையின் வளைவை ஒட்டி டேப் பிடித்து எடுங்கள். பல வண்டிகளில் சென்டர் போல்ட் நடுவில் இருக்காது. திருப்பிப் போட்டால் ஆக்ஸில் சில மி.மீ. முன்னே பின்னே நகர்ந்து நிற்கும். கண்ணின் உள்விட்டம், கண் மேல்நோக்கிச் சுருண்டதா கீழ்நோக்கியா, இரண்டாம் பட்டை மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றிப் போகிறதா என்பவையும் வேண்டும். சுற்றிப் போனால் மெயின் பட்டை உடைந்தாலும் ஆக்ஸில் கழன்று ஓடாது. கடைசியாக சென்டர் போல்ட் தலையின் விட்டமும் உயரமும். தலை, ஆக்ஸிலில் பட்டை உட்காரும் பேடின் குழிக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். லூஸாக இருந்தால் பிரேக் போடும்போதெல்லாம் ஆக்ஸில் நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இரண்டு மூன்று பட்டையே உள்ள பாராபாலிக் செட் நல்ல சவாரி தரும்; நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த பட்டைகள் ஒன்றையொன்று உரசாது. ஆனால் பழைய செட்டில் அந்த உரசல்தான் பாதி ஷாக் அப்சார்பர் வேலையைப் பார்த்தது. நல்ல ஷாக் இல்லாமல் பாராபாலிக் போட்டால் வண்டி தொட்டிலாட்டும். பட்டைக் கட்டின் உயரமும் வேறு என்பதால், அதை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். அடிக்கடி பாரம் ஏற்றுகிறவர்களுக்குப் பழைய பல பட்டைச் செட்டே மேல் என்பது என் கணிப்பு.

பொருத்தும் வேலையில் நேரத்தைத் தின்பது துருவேறிய ஷாக்கிள் போல்ட். பட்டையின் கண்ணைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்புதான் ஷாக்கிள். கண்ணுக்குள் உட்காரும் புஷ்ஷின் உள்குழாயோடு போல்ட் ஒட்டிக்கொண்டு, நட்டு கழன்ற பிறகும் வெளியே வராது. சம்மட்டியால் அடித்தால் ஹேங்கர்தான் வளையும். புஷ்ஷுக்கும் ஹேங்கருக்கும் இடையே ஹாக்சா பிளேடு விட்டு இரண்டு பக்கமும் அறுத்தெடுப்பதே சுருக்கமான வழி. வில்லிஸில் மரையிட்ட யூ வடிவ ஷாக்கிள். சிலவற்றில் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் திருக வேண்டியது. அவற்றின் கீழ்த்தண்டில் ஒரு சிறு புடைப்பு அடையாளமாக இருக்கும். அதைக் கவனிக்காமல் திருகினால் மரை போயிற்று.

யூ போல்ட் எப்போதும் புதிது; பழையது ஒருமுறை இழுபட்டுவிட்டது. நான்கு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி, மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) வரை ஏற்றுங்கள். யூ போல்ட் தளர்ந்தால் முழு விசையும் சென்டர் போல்ட்டுக்குப் போய், அது அறுந்து, பிறகு பட்டை துளையில் உடையும். ரப்பர் புஷ் உள்ள வண்டியில் ஷாக்கிள் போல்ட்டை அந்தரத்தில் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, எடை முழுவதும் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

வண்டி பழைய அளவைவிட உயர்ந்திருந்தால் ஆக்ஸிலைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீள, சுருங்க உதவும் ஸ்ப்லைன் இணைப்பு போதுமான அளவு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஷாக்கிள் நீளத்தைக் கூட்டி உயரத்தைச் சரிக்கட்டுவது முன்பக்கத்தில் ஆபத்து. 50 மி.மீ. கூட்டினால் 25 மி.மீ.தான் உயரும், அதோடு காஸ்டர் கோணமும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி ஸ்டீயரிங் அலையத் தொடங்கும்.

புதுப் பட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இறங்கும். 500 கி.மீ. ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி டார்க் வைத்து இறுக்கி, நான்கு மூலை உயரத்தையும் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் எடுத்த உயரத்தை நம்பி வெட்ஜ், பேக்கிங் என எந்த இடைத்துண்டையும் போட வேண்டாம்.